தவக்காலக் கதையில் நிறங்களை எங்கே நிறுத்துவது?

நெய்தல்:
கணவனை இழந்து விசுவாசமும் தளர்ந்துபோன ஒரு கத்தோலிக்கப் பெண், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் இயேசு உயிர்த்த பாஸ்கா வரை கோயிலுக்குப் போய்வருவதைச் சிறுகதையாக எழுதியிருக்கிறேன். தவக்காலத்துக்கு ஊதா, பெரிய வெள்ளிக்குச் சிவப்பு, பாஸ்காவுக்கு வெள்ளை என்று வழிபாட்டு நிறங்களையே கதையின் படிகளாக வைத்தேன். படித்தவர்களோ, நிறங்கள் அட்டவணைபோல் வந்து போகின்றன என்கிறார்கள். எங்கே தவறினேன்?

பனையோலை:
உங்கள் நிறங்கள் குருவானவரின் உடையில் மட்டுமே இருக்கின்றன. ஊதா மனந்திரும்புதலைக் குறிக்கும் என்பது மறைக்கல்வி வகுப்புக்குப் போதும், கதைக்குப் போதாது. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிற்றையொட்டிச் கோயில் சுரூபங்களை, அதாவது சிலைகளை, ஊதாத் துணியால் மூடும் வழக்கம் இருக்கிறதல்லவா? செபிக்க முடியாமல் தவிப்பவளுக்கு மாதாவின் முகம் மறைந்திருப்பது ஆறுதலாகக்கூட இருக்கலாம்; அந்த இரண்டு வாரமும் அவள் எந்தக் கண்ணையும் ஏறிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் துணியைத் தைத்தவளே அவள்தான் என்றால் இன்னும் நல்லது. அதன்பின் பொருள் சொல்லும் வாக்கியங்களை வெட்டிவிடலாம்.

கரிசல்மண்:
கதை எந்தக் காலத்தில் நடக்கிறது? பூசை முறைகளைச் சொல்லும் திருப்பலி நூல் 1970-இல் புதிதாக வெளிவருவதற்கு முன்பு பெரிய வெள்ளியின் நிறம் கறுப்பு. பழைய காலக் கதையில் சிவப்பைக் கண்டால் வயதான வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். எனக்கென்னவோ உங்கள் கதையின் உயிர் வெள்ளையில்தான் இருப்பதாகப் படுகிறது. புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைக்கும், மணப்பெண்ணுக்கும், கைம்பெண்ணுக்கும் நம் ஊர்க் கோயில்களில் அதே வெள்ளைதான். பாஸ்கா இரவில் பீடம் முழுவதும் வெள்ளையாகும்போது, துக்கத்துக்காக அந்த நிறத்தையே உடுத்தியிருப்பவள் எந்த வரிசையில் போய் உட்காருவாள்?

தாழைமடல்:
வெள்ளையின் முரண் அழகானதுதான், ஆனால் வாசகர் முன்பே ஊகித்துவிடுவார். நான் சாம்பலையே பிடித்துக்கொள்வேன். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் இடும் சாம்பல், முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்து எடுப்பது. கடந்த ஆண்டுக் குருத்து ஞாயிறன்று கணவன் கொண்டுவந்து சிலுவையாக முடைந்த ஓலை, வெளிர்மஞ்சள் போய்ப் பழுப்பேறி, இன்னும் வீட்டுப் படத்தின் பின்னால் செருகியிருக்கிறது என்று வையுங்கள். எரிப்பதற்குப் பழைய ஓலை கேட்டு, குருவானவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வாசலில் நிற்கும்போது அவள் என்ன செய்வாள்?

நெய்தல்:
கதை 1964-இல் நடப்பதால் சிவப்பை எடுத்துவிடுகிறேன். ஓலையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. உபதேசியார் வந்து நிற்கும் இடத்திலிருந்து மறுபடி எழுதிப் பார்க்கிறேன். அவள் கொடுப்பாளா என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை.