அசதி என்றாலே தைராய்டுதான் என்று நினைத்திருந்தேன்: ஸ்கேன் அனுபவங்கள்

ஒன்பது ஆண்டுகளாகத் தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மாத்திரை எடுத்து வருகிறேன். உடம்பில் எது சரியில்லாமல் போனாலும் பழியைத் தைராய்டின் தலையில் போட்டுவிடுவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அசதியும் மலச்சிக்கலும் எதிலும் மனம் ஒட்டாத நிலையும் திரும்பி வந்தபோதும் அதைத்தான் செய்தேன். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ரத்தத்தில் 2.1 இருந்தது, அது சரியான அளவுதான்; மாத்திரை ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஆனாலும் அளவைக் கூட்டித் தரும்படி மருத்துவரிடம் மன்றாடினேன். அவர் கூட்டவில்லை. "தாகம் அதிகமாக இருக்கிறதா? இரவில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். 11.2 வந்தது. மேல் வரம்பு 10.5 என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருந்தது. கால்சியம் அவ்வளவு ஏறினால் பாராதைராய்டு ஹார்மோன் இறங்கியிருக்க வேண்டுமாம். எனக்கு அதுவும் சேர்ந்தே ஏறியிருந்தது.

தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஏறக்குறைய அரிசிமணி அளவுள்ள நான்கு சுரப்பிகளே பாராதைராய்டு. பெயரும் இடமும்தான் நெருக்கம், வேலை முற்றிலும் வேறு: இவை கவனிப்பது கால்சியத்தை. 1880-ல் ஐவர் சான்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர் மனித உடலில் இவற்றை விவரித்து எழுதும்வரை இவற்றுக்கு இந்தப் பெயர்கூட இல்லை. ஒன்பது ஆண்டு தைராய்டோடு வாழ்ந்த நானே அன்றுதான் இவற்றைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

பாராதைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதுதான் என் நோய். ஸ்கேனில் தெரிந்தால்தான் அது உறுதியாகும் என்று எண்ணிக்கொண்டு போனேன். அது தவறு. ரத்தப் பரிசோதனையிலேயே நோய் உறுதியாகிவிட்டது. நான்கில் எது வீங்கியிருக்கிறது என்று அறுவை மருத்துவருக்குக் காட்டத்தான் ஸ்கேன். அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் முந்தைய நாள் இரவு தூங்கியிருப்பேன்.

கை நரம்பில் செஸ்டாமிபி என்ற கதிரியக்க மருந்தை ஏற்றினார்கள். சற்று நேரத்தில் நாக்கில் உலோகத்தை வைத்தது போன்ற ஒரு சுவை. தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்திப் படுக்க வைத்தார்கள். கேமரா முகவாயை உரசும் அளவுக்கு இறங்கி வந்தது. முதல் படத்தில் தைராய்டு முழுவதும் வண்ணத்துப்பூச்சி போல ஒளிர்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் இறக்கைகள் மங்கிவிட்டன; இடது கீழ் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் அணையாமல் இருந்தது. தைராய்டு அந்த மருந்தைச் சீக்கிரம் விட்டுவிடும், வீங்கிய பாராதைராய்டு பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதோடு முடியவில்லை. என் தைராய்டிலும் இடப்பக்கம் ஒரு சிறு கட்டி உண்டு. தைராய்டுக் கட்டியும் சில நேரம் அதே மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அல்ட்ராசவுண்ட் எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டி தைராய்டுக்குள் இருந்தது. புள்ளி தைராய்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. அதைத்தான் அகற்றினார்கள். இப்போது கால்சியம் 9.4. தைராய்டு மாத்திரை வழக்கம்போலத் தொடர்கிறது.

உங்களுக்கு ஸ்கேன் எடுத்தபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

மறுமொழி

சகோதரி, எனக்கு நடந்தது அல்ட்ராசவுண்டில். அறிக்கையில் 'ஹெட்டரோஜீனியஸ்', 'ஹைப்போஎக்கோயிக்' என்று இருந்ததைப் பார்த்துப் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லாமல் நான்கு நாள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மருத்துவர் அதைப் பிரித்து வைத்து விளக்கினார்: உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ அழற்சியில் தைராய்டு மேடும் பள்ளமுமாக, வழக்கத்தைவிடக் கறுப்பாகத் தெரிவது இயல்பு. 1.1 செ.மீ. கட்டி ஒன்றும் இருந்தது. ஸ்கேனில் தெரியும் தோற்றத்தை வைத்துக் கட்டிகளை டி.ஆர். 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்களாம்; அது டி.ஆர். 3 வகை, அந்த வகையில் 2.5 செ.மீ. எட்டினால்தான் ஊசி போட்டுத் திசு எடுக்கப் பரிந்துரைக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் காட்டுவது உருவத்தைத்தான். சுரப்பி எவ்வளவு சுரக்கிறது என்பதை ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

மறுமொழி

நான் வேறொரு ஊருக்கு மாறியபோது, புது இடத்தில் டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தை வைத்துத் தைராய்டு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் தைராய்டு இருக்கும் இடமே தெரியவில்லை. "சுரப்பி செத்துவிட்டது" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அழுதுவிட்டேன். முந்தைய மாதம் அயோடின் கலந்த மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தேன், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது. உடம்பில் அயோடின் நிறைந்திருந்தால் தைராய்டு இந்த ஸ்கேன் மருந்தைச் சரியாக வாங்காது. நாம் விழுங்கும் தைராக்சின் மாத்திரையும் அதைக் குறைக்கலாம். மாத்திரையை நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்லட்டும். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவுற்றிருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி

அக்கா, எனக்கு அடுத்த வாரம் பாராதைராய்டு ஸ்கேன். உங்களை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா?

பதிவை எழுதியவர்

இல்லை தங்கை. எனக்கு ஒரே மருந்தைக் கொடுத்து இரண்டு முறை படம் எடுத்தார்கள், அதற்கு நிறுத்தத் தேவையில்லை என்றார்கள். சில இடங்களில் தைராய்டைத் தனியாகக் காட்ட இன்னொரு மருந்தும் கொடுத்து, ஒரு படத்திலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பார்கள். அந்த முறை என்றால் தைராக்சின் குறுக்கிடலாம். ஆகவே எந்த முறை என்று இன்றே தொலைபேசியில் கேட்டுவிடு. தலைமுடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாயா? அது ஸ்கேனைக் கெடுக்காது, ஆனால் டி.எஸ்.எச்., பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளைத் தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல். அறுவை சிகிச்சைக்குப் பின் கால்சியம் மாத்திரை தந்தால், அதற்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நான் காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு மற்றொன்று என்று கைபேசியில் இரண்டு அலாரம் வைத்திருந்தேன்.