மீல்மேக்கர் சாப்பிட்டால் தோல் வறட்சி குறையுமா?

செல்லூர்க்காரி:
மாதவிடாய் நின்றதிலிருந்து கன்னம் வறண்டு, கண்ணோரம் சுருக்கம் விழுகிறது. கீழமாசி வீதியில் மீல்மேக்கர் வாங்கிக் காலையில் குருமா வைக்கிறேன். சோயா தோலுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

திருநகர் அக்கா:
ஓரளவு உண்மைதான், தங்கச்சி. சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற தாவரப் பொருட்கள், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல, ஆனால் வலுக்குறைவாகச் செயல்படுபவை. நம் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதமும் குறைகிறது. சோயா உண்ட பெண்களுக்குச் சுருக்கம் சற்றுக் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதீர்கள். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, நுரை போகும்வரை பிழியுங்கள். அப்போதுதான் அந்த வாடை போகும்.

மேலூரான்:
என் மகனுக்குச் சோயா பட்டாலே உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். அப்படி ஏதும் வந்தால் உடனே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம். மருந்து உடலில் சேர்வதைச் சோயா குறைக்கும்.

செல்லூர்க்காரி:
காலையில் அந்த மாத்திரைதான் போடுகிறேன், அண்ணா! குருமாவை இரவுக்கு மாற்றிவிடுகிறேன்.