கிழக்கு மாகாண சபைத் தேர்தல்: வேட்பாளரின் நிலைப்பாட்டை எதை வைத்து எடைபோடுவது?

படுவான்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்த பின்னர், மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இன்றி, ஆளுநரின் கீழேயே எங்கள் மாகாணம் இயங்கி வருகின்றது. தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் ஊருக்கு வருகின்றவர்கள், மயிலத்தமடு மேய்ச்சல் தரை, யானைத் தொல்லை, பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறை ஆகிய மூன்றையும் தாங்கள் தீர்த்து வைப்பதாக ஒரே குரலில் சொல்கின்றார்கள். ஒருவரின் பேச்சுக்கும் மற்றவரின் பேச்சுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கடந்த மாகாண சபைத் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்குகள் இருந்தன. என் வாக்கைச் சாதிக்கும் உறவுக்கும் பார்த்து இடுவதற்கு எனக்கு மனமில்லை. எதைக் கேட்டால் இவர்களின் உண்மையான நிலைப்பாடு வெளிப்படும்?

ஓய்வுபெற்ற மாகாண உத்தியோகத்தர்

தம்பி, நல்ல கேள்வி. முதலில், அவர் தீர்ப்பதாகச் சொல்லும் விடயம் யாருடைய கையில் இருக்கின்றது என்று பாருங்கள். அரசியலமைப்புக்கான 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் அதிகாரங்களை மாகாணத்துக்கு உரியவை, மத்திக்கு உரியவை, இரண்டுக்கும் பொதுவானவை என மூன்று பட்டியல்களாகப் பிரித்துள்ளது. நீங்கள் சொன்ன மூன்றில் ஆசிரியர் விடயமே பெருமளவு மாகாணத்தின் கையில் உள்ளது. மத்திய அரசின் கீழுள்ள தேசிய பாடசாலைகளைத் தவிர்த்த ஏனைய பாடசாலைகளின் ஆசிரியர்களை மாகாணமே நிர்வகிக்கின்றது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வசிக்கும் ஆசிரியர் காலையில் குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளை வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏற்றி மண்டூருக்குக் கடந்து, அங்கிருந்து உள்ளூர்ப் பாடசாலைக்குப் போகவேண்டியிருக்கின்றது. அவர் இடமாற்றம் கேட்பதில் தவறில்லை. ஆனால், பதிலாள் வரும் முன்னரே ஓர் அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்தால் அந்த இடமாற்றம் கிடைத்துவிட்டால், கணித பாடத்துக்கு ஆளில்லாமல் பிள்ளைகள் ஒரு தவணையைக் கழிக்கின்றார்கள். ஆகையால் வேட்பாளரிடம், "பதிலாள் இல்லாத இடமாற்றத்துக்கு நீங்கள் சிபாரிசுக் கடிதம் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அது ஒரு நிலைப்பாடு. கடிதம் கேட்டுப் போகின்றவர்களும் வாக்காளர்கள்தான் என்பதால், இந்தக் கேள்வி அவருக்கு இலகுவாக இராது.

யானை விடயத்தில் வனஜீவராசிகள் திணைக்களம் மத்திய அரசினுடையது. மாகாண வீதியோரப் பற்றைகளை வெட்டுவதற்கும், தெருவிளக்குகளுக்காகப் பிரதேச சபைகளுக்கு உதவுவதற்கும் மாகாணத்தால் முடியும். அதற்கு மேல் வாக்குறுதி தருகின்றவரிடம், எந்த அதிகாரத்தைக் கொண்டு செய்வீர்கள் என்று கேட்பது நியாயமானது.

சித்தாண்டி வாசகி

ஐயா சொல்வதை மதிக்கின்றேன். ஆயினும் அதிகாரப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால், மேய்ச்சல் தரை பற்றிக் கேட்கும்போது "அது எங்கள் விடயம் இல்லை" என்று வேட்பாளர் நழுவிவிட இடமாகிவிடும். கால்நடை வளர்ப்பு மாகாணப் பட்டியலில் இருக்கின்றது. மாதவணை, மயிலத்தமடு நிலத்தையோ மத்திய அரசின் மகாவலி அதிகார சபை தன்னுடையது என்கின்றது. பெரும்போக விதைப்புத் தொடங்கும்போது வயல்களில் மாடு நிற்க முடியாது. மாட்டுப் பட்டிகளை அங்கே சாய்த்துக்கொண்டு போய், அறுவடை முடிந்த பிறகுதான் திருப்பிக் கொண்டுவருவார்கள். அந்தத் தரையில் வெளி மாவட்டத்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கியபோது, மாடுகளுக்குப் போக்கிடம் இல்லாமற் போயிற்று. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் எங்கள் ஊரில் வீதியோரத்தில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கியது அதனால்தான்.

அரச காணி மத்தியின் கையில் இருக்கின்றது என்று உயர் நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது உண்மை. அதற்காக மாகாண சபை வாய் பேசாமல் இருக்கவேண்டியதில்லை. 13 ஆவது திருத்தம் சொல்லும் தேசிய காணி ஆணைக்குழுவை அமைக்கும்படி முதல் அமர்விலேயே தீர்மானம் கொண்டுவருவாரா, மிருக வைத்தியரைப் பட்டிகளுக்கு அனுப்ப மாகாண நிதியில் பணம் ஒதுக்கச் சொல்வாரா என்று கேட்கலாம். பண்ணையாளர்களோடு வெயிலில் அமர்ந்தவர் யார், படம் எடுத்துக்கொண்டு போனவர் யார் என்பது இங்குள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கல்முனை வாசகர்

இன்னுமொன்றையும் கேட்கவேண்டும்: வென்ற பிறகு யாரோடு அமர்வீர்கள்? 2012 இல் 37 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7 கிடைத்தன. முதலமைச்சர் பதவியைத் தருவதாகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சொன்ன பிறகும், முஸ்லிம் காங்கிரஸ் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கே ஆதரவளித்தது. 2015 இல் முஸ்லிம் காங்கிரஸ் முதலமைச்சரின் கீழ்த் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் அமைச்சர்களாக இருந்தார்கள். முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்கள் மட்டுமே இருக்கக்கூடிய சபையில், எங்கள் வாக்கு என்னவாகும் என்பதை இந்தக் கூட்டுத்தான் தீர்மானிக்கின்றது.

அம்பாறை மாவட்டத்தில் தமிழர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதால் எங்களுக்கு இது இன்னும் முக்கியம். தமிழர்கள் கேட்பதும் முஸ்லிம்கள் தரப்பில் எதிர்ப்பு உள்ளதுமான கல்முனை வடக்குப் பிரதேச செயலகத் தரமுயர்த்தல் கொழும்பின் முடிவாயினும், அதைப் பற்றிக் கல்முனைத் தமிழர் கூட்டத்தில் சொல்வதையே முஸ்லிம் நண்பர்கள் இருக்கும் கூட்டத்திலும் சொல்கின்றாரா என்று நான் பார்ப்பேன்.

படுவான்கரையான்

மூவருக்கும் நன்றி. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, சிபாரிசுக் கடிதம், காணி ஆணைக்குழுத் தீர்மானம், தேர்தலுக்குப் பிந்திய கூட்டு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்கலாம் என்று நினைக்கின்றேன். ஐயா, பதில் தருபவர்களிடம் கையொப்பமும் வாங்கிக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற மாகாண உத்தியோகத்தர்

தாராளமாக வாங்குங்கள் தம்பி. எல்லாக் கட்சியினருக்கும் ஒரே நாளில், ஒரே கடிதத்தை அனுப்புங்கள். பதில் தராதவர்களின் பெயர்களையும் சங்கத்தின் அறிவித்தல் பலகையில் போடுங்கள்.