அம்மம்மா வளர்க்கும் பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் விடச் சொல்கிறார்கள், மாதர் சங்கம் என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான்_அக்கா:
எங்கள் மாதர் சங்கத்தில் இப்போது இதுதான் கதை. தாய் கட்டாரில் வேலை, தகப்பன் இல்லை, பொடியனும் தங்கச்சியும் அம்மம்மாவோடு தற்காலிகக் கொட்டிலில் இருக்கிறார்கள். அம்மம்மா பள்ளிக்கூட வாசலில் கச்சான் விற்கிறார், பிள்ளைகள் ஒரு நாளும் வகுப்பைத் தவறவிட்டதில்லை, ஆனாலும் கூரைத் தகரம் ஓட்டை, மலசலகூடம் இல்லை என்று சொல்லி "இல்லத்தில விட்டால் நல்லாப் படிப்பினம்" என்று ஆளாளுக்கு அந்த மனுசியின் மனதைக் கரைக்கிறார்கள். கனடாவில் வின்னிபெக்கில் இருக்கும் என் மச்சாள் சொல்கிறா, அங்கே பூர்வகுடி மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அரசாங்கத்தோடே வழக்காடி வென்றவையாம். உண்மையா? சீட்டும் சுழற்சிக் கடனும் நடத்திப் பழகின நாங்கள் இதில் எதைச் செய்யலாம்?

ஸ்காபரோ_பெடியன்:
உண்மைதான் அக்கா. வதிவிடப் பாடசாலை என்று நூறு வருசத்துக்கு மேலாகப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், கடைசிப் பள்ளிக்கூடம் மூடினதே 1990களில்தான். அதற்குப் பிறகும் சிறுவர் பராமரிப்பு என்ற பெயரில் அதே வேலை நடந்தது. 2021 குடிசன மதிப்பீட்டில் 14 வயது வரையான பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 வீதம், ஆனால் வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த அந்த வயதுப் பிள்ளைகளில் 53.8 வீதம். கிட்க்சான் இனத்தைச் சேர்ந்த சின்டி பிளாக்ஸ்டொக் என்ற அம்மையாரின் அமைப்பும் முதற்குடிகளின் பேரவையும் 2007இல் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அரசாங்கம் பூர்வகுடிப் பிள்ளைகளின் சேவைக்குக் குறைத்துக் காசு கொடுத்தது பாகுபாடு என்று 2016இல் தீர்ப்பு வந்தது.

உங்களுக்குத் தேவையானது பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம். வறுமை, வீடு சரியில்லை என்ற காரணத்துக்காக மட்டும் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது. பிரிக்கத்தான் வேண்டுமென்றாலும் தாய் தகப்பனுக்கு அடுத்தபடி சொந்தக்காரர், அதற்கடுத்து அதே சமூகத்து ஆட்கள். 2024இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

நெடுங்கேணி_ஓய்வு:
தம்பி சொன்னது கனடாச் சட்டம், இங்கே அதைக் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் இலங்கையிலும் வழி இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டுச் சிறுவர் கட்டளைச் சட்டத்தின்படியே நீதவான் பிள்ளையை இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, உறவினரிடமோ தகுதியான வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம். விசயம் கோட்டுக்குப் போனால் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கைதான் பேசும், ஆகவே அவர் வரும் முன்னமே சங்கம் தன் பக்கத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அதிபரிடம் வரவு பற்றி ஒரு கடிதம், விதானையாரிடம் (கிராம உத்தியோகத்தர்) வதிவிடச் சான்று, தாய் அனுப்பும் காசின் வங்கித் துண்டு, சங்கக் கூட்டக் குறிப்பின் பிரதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கொடுங்கள், கொடுத்த திகதியை உங்கள் பிரதியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கிராம சிறுவர் அபிவிருத்திக் குழு என்று ஒன்று பெயருக்காவது இருக்கும், அதைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். பல ஊரில் அது கொப்பியில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

முழங்காவில்_வாசி:
எனக்கு ஒரு பயம். எல்லாம் ஊரே பார்க்கும் என்று விட்டால், வீட்டுக்குள் அடி, அதைவிட மோசமானது நடந்தாலும் "எங்கட ஆக்கள்தானே" என்று மூடிவிடுவார்கள், நான் கண்ட விசயம். அப்படி எதுவும் தெரிந்தால் சங்கம் பஞ்சாயத்துப் பேசக் கூடாது, உடனே 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்க வேண்டும். அப்புறம், கனடாவில் நாட்டுக்குரியவர்களிடமிருந்து நாட்டையும் பிள்ளையையும் பறித்த கதை வேறு, எங்கள் யுத்தமும் நுண்கடனும் வேறு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இன்னொன்று, வெளிநாட்டுக் காசு வந்தால் பிள்ளையைப் புத்தகப் பையோடு நிறுத்திப் படம் பிடித்து முகநூலில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து உங்கள் சங்கமாவது செய்யாதேயுங்கோ. அந்தப் பொடியன் நாளைக்கு ஓ.எல். பரீட்சை எடுக்கும்போதும் அந்தப் படம் அங்கேயே கிடக்கும்.

ஒட்டுசுட்டான்_அக்கா:
படம் போடுவதில்லை என்று சங்கத்தில் எழுதியே வைக்கிறோம். பிரச்சினை என்னவென்றால், அம்மம்மா உத்தியோகத்தர் முன்னால் வாயே திறக்கமாட்டா. "நீங்கள் சொன்னாச் சரி ஐயா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவா.

ஆக்லாந்து_மாமி:
அதற்கு இங்கே நியூசிலாந்தில் ஒரு முறை இருக்கிறது பிள்ளை. இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் விடாமல் கேட்டதன் விளைவாக 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடும்பக் கூட்டம் என்பதைச் சேர்த்தார்கள். உத்தியோகத்தர்கள் வந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள், பிறகு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குடும்பத்தார் தங்களுக்குள் பேசித் திட்டம் ஒன்றைச் சொன்ன பிறகுதான் திரும்பி வருவார்கள். இங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த நேரம் குடும்பத்துக்கு மட்டும்.

உங்களுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் உத்தியோகத்தர் வர முதல் அம்மம்மா வீட்டிலேயே அப்படி இருந்து கதைக்கலாமே. தாயை வட்ஸ்அப்பில் எடுங்கோ, கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவாக இருக்கும். யார் தகரம் மாற்றுவது, அம்மம்மாவுக்குச் சுகமில்லை என்றால் பிள்ளைகள் யார் வீட்டில் படுப்பது, மலசலகூடத்துக்குச் சுழற்சிக் கடனில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை அங்கேயே எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கோ. பொடியனிடமும் கேளுங்கோ. உத்தியோகத்தர் வரும் நாளில் சங்கத் தலைவி அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து அந்தத் தாளை வாசித்தால் போதும், அந்த மனுசி பேச வேண்டிய அவசியமே வராது.