பள்ளிச் சுற்றுச்சுவரில் பிள்ளைகளோடு ஓவியம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

செஞ்சிக்காரன்:
வணக்கம். செஞ்சி பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். சென்னையிலிருந்து ஓவியர் ஒருவர் காலாண்டு விடுமுறையில் ஒரு வாரம் தங்கி, ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து, பஸ் ஸ்டாப்பைப் பார்த்த சுவரில் படம் வரைந்து தருகிறேன் என்கிறார். பெயிண்ட் செலவு மட்டும் எங்களுடையது. சுவர் 40 அடி நீளம், 6 அடி உயரம். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தது, அடியில் பழைய கட்சி விளம்பரம் லேசாகத் தெரிகிறது. தலைமையாசிரியை திருவள்ளுவர், பாரதியார், கலாம் படங்கள் போதும் என்கிறார், ஓவியரோ பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்கிறார். இப்படிச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பெயிண்டர் மணி:
சார், படத்தை அப்புறம் பாருங்க, முதல்ல சுவர். சுண்ணாம்பு மேலேயே எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கிற பெயிண்ட், அடித்தால் ஒரே மழையில் பொரிந்து வந்துவிடும். பட்டைத் தகடால் நன்றாகச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, காயவிட்டு, வெளிச்சுவர் பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் அடிக்கிற பூச்சு) ஒரு கோட். இந்த வேலைக்கு ஆள் போடுங்க, சுண்ணாம்புத் தூசி பிள்ளைகள் கண்ணுக்கு ஆகாது. உங்கள் சுவர் 240 சதுர அடி, வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு சுமார் ஐந்து லிட்டர் பிடிக்கும். கலருக்குத் தனித்தனி டப்பா வாங்காதீங்க, வெள்ளையில் ஸ்டெய்னர் என்கிற கலர் திரவம் கலந்தால் வெளிர் நிறமெல்லாம் வந்துவிடும், அழுத்தமான சிவப்பு, நீலம் மட்டும் ரெடிமேடாக வாங்குங்க. எனாமல் (ஆயில் பெயிண்ட்) மலிவு என்று எவராவது சொன்னால் கேட்காதீங்க, ஈரச் சுவரில் உரிந்துவிடும். காலாண்டு லீவு வேண்டாம், அடுத்தாற்போல் வடகிழக்குப் பருவமழை. பொங்கல் கழிந்து வையுங்க.

ஓவிய டீச்சர்:
மணி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. படத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பிள்ளைகளிடம் "உனக்குப் பிடித்ததை வரை" என்று தாளைக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, தென்னைமரம், வி வி வி என்று பறவை இதைத்தான் வரைவார்கள், நம் ஊரில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதே படம். அதனால் ஓவியர் முதல் இரண்டு நாள் சுவர்ப் பக்கமே போகக்கூடாது. பிள்ளைகளை ஊருக்குள் கூட்டிப்போய், மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை வரிசை, கரும்பு லோடு டிராக்டர், செஞ்சிக் கோட்டைப் பாறைகள் என்று பார்த்துப் பார்த்து வரையச் சொல்லட்டும். முடிந்தால் கீழ்வாலைக்கு ஒரு வேன் பிடியுங்கள், விழுப்புரம் மாவட்டம்தான். அங்கே பாறையில் செங்காவியால் வரைந்த ஆட்களையும் விலங்குகளையும் பார்த்துவிட்டால் "எனக்கு வரைய வராது மிஸ்" என்கிற பிள்ளையும் கோடு போடும், ஏனென்றால் அதெல்லாம் அவன் போடக்கூடிய கோடுதான். அப்புறம் அந்தப் படங்களிலிருந்து ஓவியர் பொறுக்கி ஒன்றாகக் கோக்கட்டும். தாளில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓர் அடிக் கட்டம், சாயப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துத் தெறித்தால் கோடு விழும். அந்த வேலைக்கு வரிசையில் நின்று சண்டை போடுவார்கள் பாருங்கள்.

கண்ணன் கே:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. 2020 வாக்கில் சென்னை கண்ணகி நகர் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியர்கள் வரைந்தார்கள், பார்க்க அட்டகாசமாக இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளிச் சுவர் அப்படிப் 'பர்ஃபெக்டாக' இருக்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், ஓவியர் ராத்திரியில் உட்கார்ந்து எல்லாக் கோட்டையும் திருத்திவிடுவார், காலையில் பிள்ளை வந்து தன் மாட்டைத் தேடும். எங்கள் ஊரில் நடந்தது. பிள்ளைகள் போட்ட கோட்டில் கை வைக்கக்கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

செஞ்சிக்காரன்:
மிக்க நன்றி. தை மாதம் வரச் சொல்லி ஓவியரிடம் பேசுகிறேன். தலைமையாசிரியையை என்ன செய்வது?

ஓவிய டீச்சர்:
கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தூணை வள்ளுவருக்குக் கொடுத்துவிடுங்கள், அதை அந்த ஓவியரே வரையட்டும். சுவரில் அடியிலிருந்து ஓர் அடியைக் காவி நிறத்தில் விட்டுவிடுங்கள், மழைச் சேறு தெறிப்பது தெரியாது.