‘கெட்’ வரும் இடத்தில் எல்லாம் ‘ஆப்டெய்ன்’ போடலாமா?

மாரத்தஹள்ளிவாசி: வணக்கம். தமிழ் வழியில் படித்தவள். பெங்களூரில் ஒரு சரக்கு கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட் வேலை, நாள் முழுக்க ஆங்கில மெயில்தான். வரிக்கு வரி ‘கெட்’ (get) வருகிறது, மாற்றுங்கள் என்கிறார் டீம் லீட். ஒத்த சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸைத் திறந்தால் ஆப்டெய்ன், ரிசீவ், பிகம், அரைவ், பெர்சுவேட் என்று நீள்கிறது. கீழே உள்ளவற்றில் எதை எங்கே போடுவது?

‘வி காட் யுவர் பார்சல்.’
‘தி டிரைவர் காட் டு ஓசூர் லேட்.’
‘தி பாக்ஸ் காட் வெட்.’

அல்சூர் வாத்தியார்: ‘கெட்’டை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாரும்மா. பொருள் வந்தால் ரிசீவ்: ‘வி ரிசீவ்ட் யுவர் பார்சல்’. ஆப்டெய்ன் என்பது முயன்று வாங்குவது. பர்மிட், லைசென்ஸ், கையெழுத்துக்குச் சரி. தானாக வந்து சேர்ந்த பார்சலுக்கு ஒட்டாது.

இடம் வந்தால் ரீச் அல்லது அரைவ். இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ரீச்சுக்குப் பின் ‘டு’ கிடையாது, ‘ரீச்ட் ஓசூர்’ அவ்வளவுதான். அரைவ் என்றால் ஊருக்கு ‘இன்’, குடோனுக்கு ‘அட்’.

‘வெட்’, ‘ஆங்ரி’ மாதிரி நிலையைச் சொல்லும் சொல் வந்தால் பிகம். ஆனால் ‘தி பாக்ஸ் பிகேம் வெட்’ இலக்கணப்படி சரி, காதுக்கு விறைப்பு. அதை ‘காட் வெட்’ என்றே விடும்மா.

ஆள், பிறகு ‘டு’, பிறகு வினை வந்தால் பெர்சுவேட்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்பது ‘ஐ பெர்சுவேடட் ஹிம் டு சைன்’ ஆகும்.

கே.ஆர்.புரம் ரவி: வாத்தியார் சொன்னதோடு ஒன்று. ‘கெட்’ வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். ரிசீவ், ஆப்டெய்ன், அரைவ் எல்லாம் 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்தவை. அதனால்தான் அவற்றில் ஆபீஸ் வாடை. 1852-இல் வந்த ரோஜெட் தெசாரஸே சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கியதுதான். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அப்படியே வைக்கலாம் என்று அர்த்தமில்லை. தெசாரஸில் பிடித்த சொல்லைக் கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் தேடி, உதாரண வாக்கியங்களைப் படித்த பிறகு போடுங்கள். காசு கிடையாது.

இன்னொன்று. பி.எம்.டி.சி. பஸ்ஸில் ‘மெஜஸ்டிக்கில் கெட் டௌன்’ என்கிறோமே, வெளிநாட்டு கஸ்டமருக்கு ‘கெட் ஆஃப்’ என்று எழுதுங்கள். காரிலிருந்து என்றால் ‘கெட் அவுட் ஆஃப்’.

மாரத்தஹள்ளிவாசி: ரொம்ப நன்றி சார், ரவி அண்ணா. ‘வி வில் கெட் பேக் டு யூ’ என்று முடிப்பேன். அதையும் மாற்றணுமா?

அல்சூர் வாத்தியார்: அது நிலைத்துப்போன தொடர், தப்பே இல்லை. ஆனால் பார்சல் தொலைந்து தவிக்கிறவருக்கு அது எதையும் சொல்லாது. ‘வி வில் ரிப்ளை பை ஃபோர் பி.எம். டுடே’ என்று நேரத்தைப் போடும்மா. டீம் லீடும் கேட்க மாட்டார்.