வான்கூவர் முறை மேற்கோள் பட்டியல்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் முதுநிலை மருத்துவம் படிக்கிறேன். காசநோய் பற்றிய கட்டுரை ஒன்றை ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பப் போகிறேன். அவர்கள் கேட்பது வான்கூவர் முறை: கட்டுரையில் வரும் வரிசையிலேயே எண், ஆறு ஆசிரியர்கள் வரை பெயர், அதற்கு மேல் போனால் 'எட் ஆல்' (மற்றும் பிறர்). இதையெல்லாம் ஜோட்டீரோ என்ற மேற்கோள் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது.

சிக்கல் நம் ஊர்ப் பெயர்களில்தான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. சிலர் அதை விரித்துக் கடைசியில் போடுகிறார்கள். அதனால் ஒரே ஆசிரியர், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஒரு கட்டுரையில் தன் பெயரிலும் இன்னொன்றில் அப்பா பெயரிலும் இருக்கிறார். அச்சில் உள்ளபடியே விடுவதா, ஒன்றாக்குவதா? மாற்றினால் தேடுபவருக்குக் கட்டுரை கிடைக்காது என்று தோன்றுகிறது. ஆனால் உழைத்தவர் பெயர் சரியாக வர வேண்டுமே என்ற கவலையும் விடவில்லை.

அப்புறம், 1996-க்கு முன் வந்த புத்தகம் ஒன்றில் பதிப்பித்த ஊர் 'மெட்ராஸ்' என்று இருக்கிறது. அதை அப்படியே போட்டிருக்கிறேன், அதுதான் சரி. கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஓர் ஆய்வேட்டுக்கு டிஓஐ (இணையத்தில் நிலையான அடையாள எண்) இல்லை. இணைய முகவரியும் பார்த்த தேதியும் போதுமா?

இதழ்களுக்கு எழுதிப் பழகியவர்கள், மருத்துவக் கல்லூரி நூலகர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மாதிரிக்குச் சில வரிகளைக் கமெண்டில் போடுகிறேன்.